சிவப்பு இறக்கை, பச்சை மூக்கு

செவ்வாய்க்கிழமை,
கணக்கு வகுப்பு, கடைசி பெஞ்சு

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் நலம் எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அரை மணி நேரம் பேசுவதை அம்மா மீதி ஆறு நாளும் மறு ஒலிபரப்பு செய்கிறாள். ஆகவே அந்தக் குளிர்பதனக் கிடங்கில் நீ மூன்று சட்டை போட்டுக்கொண்டு மீன் பெட்டி அடுக்குவது, உன் மேற்பார்வையாளர் தும்மினால் கிடங்கே அதிர்வது எல்லாம் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. பெரிய செய்தி. உட்கார்ந்து படி.

உன் அலமாரி உச்சியில் ஒரு பெட்டியை விட்டுப் போனாயே, அந்தப் பழைய காலத்துப் போர் விமான மாடல், அதை அப்பா இறக்கிவிட்டார்.

ஆமாம், அப்பாதான். நான் இல்லை. நான் இறக்கியிருந்தால் அது இறங்கியிருக்காது, விழுந்திருக்கும்.

நீ பைலட்டை உட்கார வைத்து, அவருக்கு ஊசி முனையால் மீசையும் வரைந்து, விமானத்தின் உடலை ஒட்டி மூடிவிட்டு, இறக்கை வைக்காமலே போய்விட்டாய். பாவம் அந்த மனுஷன். மூன்று வருஷமாக ‘எப்போ சார் கிளம்புறது’ என்று கேட்கும் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அப்பா போன வாரம் இறக்கை, வால், சக்கரம் எல்லாவற்றையும் அவை ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ப்ளேடால் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பசை வைத்து ஒட்டிவிட்டார். வாலை ஒட்டும்போது என்னைப் பார்த்து, “இந்த வால் எவ்வளவு அடக்கமா ஒட்டிக்கிட்டு நிக்குது பார்” என்றார். வாலு என்று பெயர் வைத்ததே அவர்தான் என்பதை நினைவுபடுத்தினேன்.

இப்போது பெயின்ட் வேலை. உன் பழைய பெயின்ட் எல்லாம் காய்ந்து கல்லாகிவிட்டது. புதுசாக ஆறு டப்பா வாங்கிவந்திருக்கிறார். பார்சல் கிடங்கு வேலை முடிந்து நாலு மணிக்கு வந்ததும் உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஈரப் பெயின்ட்டில் தூசி உட்கார்ந்தால் விமானத்துக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடுமாம். முடித்த பிறகுதான் காட்டுவாராம். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். “ஒண்ணு!” என்பார். கொஞ்ச நேரம் கழித்து அவரே “ஒண்ணு!” என்பார். பதில் சொல்ல உதவி டிரைவர் இல்லாததால் இரண்டு வேலையையும் அவரே பார்க்கிறார்.

பழக்கம் விடவில்லை, அண்ணா. ரயில் டிரைவர் வேலையை விட்டு மூன்று வருஷமாகியும் நம் வீடு இன்னும் இன்ஜின்தான். “அடுப்பு அணைஞ்சாச்சு!” என்று அவர் சொன்னால் அம்மா “அணைஞ்சாச்சு!” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். “கதவு பூட்டு!” என்றால் நான் “பூட்டு!” சொல்ல வேண்டும். பதில் வரும்வரை நகர மாட்டார். சிக்னலைப் பார்த்து ஒருவர் சத்தமாகச் சொல்ல, மற்றவர் தன் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொன்னால்தான் வண்டி போகலாம் என்று நமக்குச் சோறு ஊட்டும்போதே பாடம் எடுத்தவராயிற்றே.

இப்போது என் பங்களிப்புக்கு வருகிறேன். அந்த டப்பாக்களில் நிறம் வெளியே தெரியாது. மூடியில் எண் மட்டும் இருக்கும். மூன்றாம் எண் பச்சை, பழுப்போடு சேர்ந்து இறக்கைக்கு. ஆறாம் எண் செங்கல் மாதிரி ஒரு சிவப்பு, மூக்குக் கூம்புக்கு மட்டும். இன்று காலை அப்பா குளிக்கப் போன நேரத்தில் மூன்றின் மூடியும் ஆறின் மூடியும் வீடு மாறிக் குடியேறிவிட்டன. எப்படி என்று என்னைக் கேட்காதே.

இன்றைக்குத்தான் மூன்றாம் எண்ணின் முறை, நாலு மணிக்குத் திறப்பார். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு இருக்கும். “அடியே வாலு!” என்று ஒரு கூவல் வரும். நான் கதவுக்கு வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இதுதான் திட்டம்.

கணக்கு வாத்தியார் பார்க்கிறார். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

*

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அண்ணா,

மேலே இருக்கும் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் லட்சணம் உனக்கும் தெரியட்டும்.

காலையிலிருந்து நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. காய்ச்சலா என்று அம்மா இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கதவுக்கு வெளியே நின்றேன். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. “மூணு!” என்றார். “மூணு!” என்றார். அவ்வளவுதான். கூவல் வரவில்லை. பிரஷ்ஷைத் தண்ணீரில் கலக்கும் சத்தம் மட்டும் வந்தது.

புதன்கிழமையும் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார், எனக்குப் பெரிதாக ஏதோ வைக்கப் போகிறார் என்று முடிவு செய்தேன். குறும்புக்காரிக்குத்தான் தெரியும் குறும்பின் பயம். வியாழக்கிழமை ஷூவை உதறிவிட்டுப் போட்டேன். வெள்ளிக்கிழமை டீயை முகர்ந்துவிட்டுக் குடித்தேன். சனிக்கிழமை என் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்பா சாதாரணமாக இருந்தார். சாதாரணத்தைவிடக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தார். சாப்பிடும்போது விரலால் மேசையில் தாளம் போட்டார். அவர் தாளம் போட்டு எத்தனை நாளாகிறது தெரியுமா?

இன்று காலை என்னையும் அம்மாவையும் உன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. தலையைச் சீவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். இவ்வளவு ஏற்பாட்டோடு என்னைப் பழி வாங்குகிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. துண்டை எடுத்தார்.

அண்ணா, இறக்கையில் பச்சை இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்பு. சிவப்பும் பழுப்பும் திட்டுத்திட்டாக. முன்னால் மூக்குக் கூம்பு மட்டும் பச்சை. செங்கல் சூளையிலிருந்து கிளம்பி வந்த ஒரு கிளி தலைகீழாகத் தன் நிறத்தை மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நான் சிரித்துவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார், பிறகு காதைத் திருகுவார் என்று காத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “என்ன சிரிப்பு? பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கா?” என்று கேட்டார்.

அவர் விரல் சிவப்பின்மேல் இருந்தது.

நடிக்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். அப்பாவுக்கு நடிக்க வராது. பிறந்தநாள் பரிசை ஒளித்து வைத்தால்கூட மூக்கு நுனி வியர்த்துவிடும். அந்த மூக்கு காய்ந்து கிடந்தது. அவர் எங்களைப் பார்த்து நிமிர்ந்து நின்று, இன்ஜினில் நிற்கிற மாதிரி கையை நீட்டி, “பச்சை!” என்றார். பதிலுக்குக் காத்திருந்தார்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா சொன்னாள், “பச்சை!” அடுப்பு அணைந்ததற்குச் சொல்வாளே, அதே குரல். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சிவப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அண்ணா. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குத் தெரியும். எத்தனையோ நாளாகத் தெரியும்.

ஓட்டமாக மொட்டை மாடிக்குப் போனேன். பின்னாலேயே அம்மா துணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கேட்பதற்கு முன்னால், “மூடியை மாத்தினியா?” என்றாள். தலையாட்டினேன். திட்டவில்லை. ஒரு போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, “பிழி” என்றாள். இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டே இருந்தோம். தண்ணீர் வடிந்து நின்ற பிறகும் முறுக்கினோம். அப்போது சொன்னாள்.

நீ பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் அப்பா நுரையீரல் நோய்க்குப் பல மாதம் மாத்திரை சாப்பிட்டாரே, அந்த மாத்திரை கண் நரம்பைத் தொட்டுவிட்டதாம். பார்வை போகவில்லை. நிறம் போய்விட்டது. சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒரே அழுக்கு. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் முதலில் அவருக்கே தெரியவில்லை. ஒரு நாள் காலை, வண்டி நிறைய ஆள், உதவி டிரைவர் “பச்சை!” என்று சொல்லியிருக்கிறார். அப்பா திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. தன் கண்ணால் பார்க்காததைத் திருப்பிச் சொல்லக் கூடாது. வண்டியை நிறுத்திவிட்டார். “அண்ணே, பச்சைதான், போலாம்” என்று அந்தப் பையன் கெஞ்சியிருக்கிறான். பதினோரு நிமிஷம் வண்டி நின்றது. பிறகு அவரே நேராக அதிகாரியிடம் போய், “என்னை இறக்கிடுங்க. பச்சைன்னு எனக்குக் கண்ணு சொல்லல” என்றிருக்கிறார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை. அவரே தன்னைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

அப்படியென்றால் அதிகாரியோடு சண்டை போட்டு வேலையை விட்டேன் என்று அப்பா சொன்னது? கொடியையும் டார்ச்சையும் மேசையில் விட்டெறிந்துவிட்டு வந்தேன் என்றாரே? தெரு முழுக்கத் தெரிந்த கதையாயிற்றே?

பொய். சண்டையே நடக்கவில்லை.

அதே மாதம்தான் நீ விமானம் ஓட்டும் பள்ளிக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாய். குடும்பத்தில் யாருக்காவது கண் கோளாறு இருந்தால் பிள்ளையை எடுக்க மாட்டார்கள் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். ரயில்வேயில் வேறு வேலை தருகிறோம் என்றார்களாம். அதை ஏற்றுக்கொண்டால் காரணத்தைக் காகிதத்தில் எழுதுவார்கள். காகிதம் உன்னைத் தேடி வரும் என்று பயந்து, வேலையே வேண்டாம், கோபக்காரன் என்ற பெயர் போதும் என்று வந்துவிட்டார். மாத்திரையால் வந்தது பிள்ளைகளுக்குப் போகாது என்று ஆறு மாதம் கழித்துத்தான் ஒரு கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள், சம்பளம் நின்று பள்ளிக்குக் கட்டப் பணமில்லாததால் நீ, “உங்க ரோஷத்துக்கு நாங்கதான் பலியா?” என்று கேட்டுவிட்டு, விண்ணப்பத்தை அவர் கண் முன்னால் நாலாகக் கிழித்துவிட்டு, மீன் பெட்டி அடுக்கப் போய்விட்டாய்.

உன் இறக்கையைக் காப்பாற்றத்தான் அவர் பொய் சொன்னார். அந்தப் பொய்யால்தான் நீ அதைக் கிழித்தாய். இதை எழுதி எழுதிப் பார்க்கிறேன். எப்படி எழுதினாலும் நெஞ்சில் இடிக்கிறது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாலையைக் கடக்கும்போது முன்பெல்லாம் அவர் “பச்சை!” சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். இந்த மூன்று வருஷமாக, “நீ முதல்ல சொல்லு, பாக்கலாம்” என்கிறார். எனக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று நினைத்தேன். போன் சார்ஜ் ஏறிவிட்டதா என்று விளக்கைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்பார். தக்காளி வாங்க அம்மாவைத்தான் அனுப்புவார். நான் அவரைச் சோம்பேறித் திலகம் என்று கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே, “அந்தப் பட்டம் பரவாயில்ல” என்றார்.

நான் உலகத்தையே ஏமாற்றுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அண்ணா. என் மூக்குக்கு முன்னால் ஒரு மனிதர் மூன்று வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறார்.

*

வியாழக்கிழமை, மாலை

அண்ணா,

நேற்று அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா வேண்டாம் என்றாள். தினமும் அவர் அந்த விமானத்தைச் சுற்றி வந்து சந்தோஷப்படுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

உன் மேசைக்கு எதிரே நின்று, மூடியை மாற்றியது நான்தான் என்றேன். காதைத் திருகுவதற்கு வசதியாகத் தலையைக்கூட நீட்டினேன். அவர் திருகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இறக்கையைத் தொட்டு, “அப்ப இது என்ன?” என்று கேட்டார்.

“சிவப்பு.”

“மூக்கு?”

“பச்சை.”

“உங்கம்மா பச்சைன்னு திருப்பிச் சொன்னாளே” என்றார். பிறகு, “ம்... எத்தனை நாளா அப்படிச் சொல்லிட்டிருக்காளோ” என்றார். அம்மாவுக்குத் தெரியும் என்று அவருக்கே தெரியாது, அண்ணா! டாக்டர் சீட்டை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார். துணி துவைத்து மடித்து வைப்பது யார் என்று யோசிக்கவே இல்லை. உதவி டிரைவரைத் தேடிப்போய் அம்மா மிச்சத்தைக் கேட்டு வந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே ரகசியத்தைக் காவல் காத்திருக்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்னை வாலு என்கிறார்கள்.

நான் அழுதேன். நீ நம்ப மாட்டாய், கேட்டுப் பார். மூடியைச் சரியாக மாற்றிவிட்டு நானே திரும்பப் பச்சை அடித்துத் தருகிறேன், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றேன். பிரஷ்ஷைக்கூட எடுத்துவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்தபோது அந்த வேலையின் சுத்தம் தெரிந்தது. டேப் ஒட்டி எடுத்த ஓரம் ஒரு மயிரிழை பிசகவில்லை. ஒரு தூசி கிடையாது. வால் பக்கம் ஒட்டும் சின்ன எண் ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவைத்து, காற்றுக்குமிழ் இல்லாமல் நழுவ விட்டிருக்கிறார். நிறம் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. கண்ணாடிக் கூண்டுக்குள்ளே உன் மீசைக்காரர் முதல் தடவையாக இறக்கையோடு உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி வைத்துவிட்டார். “வேணாம். இப்படியே அவனுக்கு அனுப்பு. பாக்கட்டும்” என்றார்.

நான் புரியாமல் நின்றேன். “நான் வாயால சொன்னா அவன் கேக்க மாட்டான். எனக்கும் வாய் வராது. இதைப் பாத்தா அவனுக்கே புரியும். நீ ஒண்ணும் எழுதாத” என்றார்.

இன்று மாலை அவரே பெட்டி கட்டினார். கிடங்கில் ஆயிரம் பார்சல் கட்டிய கை. ஆனால் இதற்குத் தனி மரியாதை. இறக்கைக்கு ஒரு தொட்டில், சக்கரத்துக்கு ஒரு மெத்தை, மூக்குக்கு நாலு பக்கமும் பஞ்சு. கடைசியாகத் தன் பழைய இன்ஜின் கைக்குட்டையை மடித்து மேலே வைத்தார். ஒட்டும் முன் என்னைப் பார்த்தார். நான் நல்ல பெண்ணாக ஜன்னலைப் பார்த்தேன். அவர் டேப் எடுத்து வருவதற்குள் இந்தக் காகிதங்கள் கைக்குட்டைக்குள் குடியேற வேண்டும். அதனால் வேகமாக எழுதுகிறேன். டேப் சமையலறையில் இருக்கிறது என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கிறேன். அது என் பாவாடைப் பையில் இருக்கிறது. கொஞ்ச நேரம் தேடட்டும்.

அவர் பேச்சை மீறி ஏன் எழுதுகிறேன் தெரியுமா? இந்த வீட்டில் நான் இருக்கிறேன் என்பதை அவர் மறந்துவிட்டார். பெட்டியைத் திறந்து சிவப்பு இறக்கையைப் பார்த்ததும் நீ என்ன நினைப்பாய்? ‘வாலு வேலையைக் காட்டிட்டா’ என்பாய். சிரிப்பாய். அந்தப் பெரிய தும்மல்காரருக்குக் காட்டி இருவரும் சிரிப்பீர்கள். பிறகு ஒரு அலமாரி உச்சியில் வைத்துவிடுவாய். மூன்று வருஷம் பொத்தி வைத்ததை ஒரு மனிதர் தன் கையால் திறந்து உனக்கு அனுப்புகிறார். என் பெயர் கெட்டுப்போனதால் அது ஜோக்காகிவிடக் கூடாது. மூடியை மாற்றியது நான். அதைப் பார்க்க முடியாமல் போனது அவர். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த இறக்கை.

இன்னொன்று. நீ கிளம்பிய அன்று வாசலில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா வழக்கம்போல் “டிக்கெட்!” என்றார். நீ சொல்லவில்லை. “பெட்டி!” என்றார். நீ சொல்லவில்லை. ஆட்டோ நகர்ந்தபோது “பத்திரம்!” என்றார். நீ திரும்பியே பார்க்கவில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும் நேரம் பார்த்து அப்பா செருப்பைத் தேடுவார். நடக்கப் போகிறேன் என்பார். எங்கும் போவதில்லை, அண்ணா. ஜன்னலுக்குக் கீழே படிக்கட்டில்தான் நிற்கிறார். அம்மாவும் அதனால்தான் போனை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் சத்தமாகப் பேசுகிறாள்.

பதில் வராதவரை வண்டி நகரக் கூடாது. அது அவருடைய விதி. மூன்று வருஷமாக நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

தன் கண்ணால் பார்த்தவன்தான் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் அதே விதிதான். அன்று நீ பார்க்கவில்லை. யாரும் காட்டவில்லை. இப்போது உன் மேசைமேல் இருக்கிறது. பார்த்துவிட்டாய்.

விளக்கம் கேட்காதே. மன்னிப்பு, கண்ணீர் எல்லாம் அப்புறம் சாவகாசமாக நேரில் வந்து பரிமாறிக்கொள்ளுங்கள், நான் டிக்கெட் போட்டு வேடிக்கை பார்க்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். என் பங்குக்கு அவர் செருப்பை ஒளித்து வைக்கிறேன். ஒரே ஒரு சொல் போதும்.

வருகிறார். மடிக்கிறேன்.

பத்திரம், அண்ணா.

திருப்பிச் சொல்.

உன்
வாலு